கேட் திறந்தால் ஓடும் நாயை எங்கிருந்து பழக்குவது?

கேள்வி: திருச்சியில் தனி வீடு. ஒன்பது மாத ஆண் சிப்பிப்பாறை வளர்க்கிறோம். கேட் திறந்த கணமே தெருவுக்குப் பாய்கிறான். போன வாரம் அவனுக்காக பிரேக் போட்ட பைக்காரர் விழப் பார்த்தார். மாமியார் வெளியே கூட்டிப் போனபோது பூனையைக் கண்டு இழுத்ததில் அவர் விழுந்து மணிக்கட்டில் அடி. வீட்டில் மூன்று வயதுப் பெண் குழந்தை. உட்கார், ஷேக்ஹேண்ட் எல்லாம் செய்கிறான், ஆனால் தேவைப்படும் நேரத்தில் கேட்பதில்லை. அடித்தால்தான் திருந்துவான் என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

முதலில் மாமியாரின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தாயிற்றா? வயதானவர்கள் கையை ஊன்றி விழுந்தால் அந்த எலும்பில் விரிசல் விடுவது சகஜம். வீக்கம் வடிந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். நாயைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

சரி, நாய்க்கு வருவோம். உட்கார், ஷேக்ஹேண்ட் எல்லாம் தெரியும், தேவைப்படும்போதுதான் கேட்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் கற்றுக்கொண்டது ஹாலில், ஃபேனுக்கு அடியில், பிஸ்கட்டோடு நீங்கள் எதிரே நிற்கும்போது உட்காருவதை. கேட் ஓரத்தில், தெருவில் பூனை ஓடும்போது உட்காருவதை யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. நமக்கு எங்கே சொன்னாலும் அது ஒரே சொல்தான். நாய்க்கு அப்படி இல்லை. சொல்கிற ஆள், நிற்கிற இடம், கையில் இருக்கும் தின்பண்டம் எல்லாம் சேர்ந்தால்தான் அந்தச் சொல்லுக்குப் பொருள். இடம் மாறினால் மறுபடி அ, ஆவிலிருந்து தொடங்க வேண்டும். அது திமிர் இல்லை.

போதாததற்கு ஒன்பது மாதம் என்பது விடலைப் பருவம். நேற்றுவரை கேட்டவன் இன்று காதில் வாங்காதது போல நிற்பான். இனத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிப்பிப்பாறையும் கன்னியும் கரிசல் காட்டில் முயலைக் கண்ணால் பார்த்து ஓடிப் பிடிக்க வளர்க்கப்பட்டவை. மோப்ப நாய் முகர்ந்து, யோசித்து, கிளம்பும். இவன் அசைவதைக் கண்டால் கிளம்பிவிட்ட பிறகுதான் யோசிப்பான். பூனை, பைக், காற்றில் பறக்கும் பிளாஸ்டிக் கவர் எல்லாம் அவன் கண்ணுக்கு முயல்தான். இந்த வேட்கையை எந்தப் பயிற்சியும் அழித்துவிடாது. அதற்கும் தெருவுக்கும் நடுவில் சில பழக்கங்களை வைக்க முடியும், அவ்வளவுதான். யாராவது பதினைந்தே நாளில் சங்கிலி இல்லாமல் ரோட்டில் நடக்க வைக்கிறேன் என்றால் பணம் கொடுக்காதீர்கள்.

ஷேக்ஹேண்டை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். விருந்தாளிக்குக் காட்ட நன்றாக இருக்கும், உயிரைக் காக்காது. காக்கப்போவது மூன்று: கேட்டில் நிற்பது, கூப்பிட்டால் திரும்புவது, வாயில் உள்ளதை விடுவது.

பயிற்சி தொடங்கும் முன் இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அவன் இனி ஒரு முறைகூடத் தப்பி ஓடக்கூடாது. பத்து முறை கேட் திறந்து ஒன்பது முறை பிடித்துவிட்டீர்கள், பத்தாவது முறை ஓடிவிட்டான் என்றால், அந்த ஒன்றுதான் அவன் மனதில் நிற்கும். எப்போதாவது கிடைக்கும் பரிசுதான் பழக்கத்தை இறுக்கிக் கட்டுகிறது. லாட்டரி வாங்குகிறவர் ஏன் விடுவதில்லை என்று யோசித்தால் இது புரியும். ஆகவே போர்டிகோவுக்கும் கேட்டுக்கும் நடுவில் இன்னொரு தடுப்பு வேண்டும். இடுப்பளவு தடுப்பு இவன் காலுக்குக் காணாது, மார்பளவாவது வேண்டும். வெல்டிங் பட்டறையில் சொன்னால் ஒரு கிரில் கதவு அடித்துத் தருவார்கள். அதுவரை கேட் திறக்கும் முன் அவன் அறையில் இருக்க வேண்டும், அல்லது பெல்ட்டும் கயிறும் ஒருவர் கையில் இருக்க வேண்டும். நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போடுவது தீர்வு இல்லை. கட்டிய நாய்க்கு வெறி ஏறும், அவிழ்த்த நொடியில் முன்னைவிட வேகமாக ஓடும்.

பெல்ட் என்றதும் ஒன்று. சிப்பிப்பாறைக்குத் தலை குறுகல், கழுத்து நீளம். சாதாரண பெல்ட்டிலிருந்து பின்னால் இழுத்துத் தலையை உருவிக்கொண்டு போய்விடும். இந்த வகை நாய்களுக்கென்றே மார்ட்டிங்கேல் என்று ஒரு பெல்ட் கிடைக்கிறது. இழுத்தால் ஓரளவு இறுகும், தலை வெளியே வராது, கழுத்தையும் நெரிக்காது.

இனி கேட். இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் அவசரப்படுவது இங்கேதான்.

உங்கள் வீட்டுக் கொண்டியின் சத்தம் அவனுக்கு “ஓடு” என்ற கட்டளை. நீங்கள் எத்தனை முறை “நில்” என்று கத்தினாலும் கொண்டி அதற்கு முன்பே பேசிவிடுகிறது. எனவே வேலையைச் சத்தத்திலிருந்து தொடங்க வேண்டும். அவனைக் கயிற்றோடு உள்ளே நான்கடி தள்ளி இன்னொருவர் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் கொண்டியைத் தொட்டு லேசாக அசைத்துவிட்டுக் கையை எடுங்கள். அவன் பாயாமல் நின்றால், அந்த நொடியே வாயில் ஒரு துண்டு. வேகவைத்த கோழி, பொட்டுக்கடலை அளவு போதும். நேரம்தான் இதில் உயிர். நின்றதற்கும் தின்பதற்கும் நடுவில் ஒரு நொடிக்கு மேல் போனால், நின்றதற்காகக் கிடைத்தது என்று அவனுக்குத் தெரியாது. வாலை ஆட்டியதற்கோ உங்களைப் பார்த்ததற்கோ கிடைத்தது என்று கணக்கு வைத்துக்கொள்வான்.

இரண்டு மூன்று நாளில் கொண்டிச் சத்தம் கேட்டால் தெருவைப் பார்க்காமல் உங்கள் முகத்தைப் பார்க்கத் தொடங்குவான். அங்கிருந்து அடுத்த படி. கேட்டை நான்கு விரல் அகலம் திறங்கள். உட்கார்ந்திருந்தால் துண்டு. எழுந்தால் கேட் மூடும். திட்ட வேண்டாம், “நோ” வேண்டாம், முறைப்பும் வேண்டாம். மூடுகிற கேட்டே பதில். உட்கார்ந்தால் உலகம் திறக்கிறது, எழுந்தால் மூடுகிறது என்று அவனே கண்டுபிடிக்கட்டும். பிறகு பாதி, பிறகு முழுசு, பிறகு நீங்கள் ஒரு காலை வெளியே வைப்பது, பிறகு வெளியே போய்த் திரும்பி வருவது. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று தடவை. ஒரு படியில் தொடர்ந்து சொதப்பினால் தவறு உங்களுடையது, ஒரு படி இறங்கி மறுபடி வாருங்கள்.

வெளியே போவதற்கு அனுமதிச் சொல் ஒன்று வேண்டும். அது காதில் விழாமல் வாசலைத் தாண்டக்கூடாது. இங்கேதான் தமிழ் வீடுகளில் ஒரு வேடிக்கை. பலர் “போலாம்” என்று வைத்துக்கொள்கிறார்கள். நாளைக்கு எத்தனை தடவை அந்த வீட்டில் “கோயிலுக்குப் போலாமா”, “சாப்பிடப் போலாம்” என்று விழுகிறது! “ஓகே” அதைவிட மோசம். எனக்குத் தெரிந்த ஒருவர் கேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு போனில் “ஓகே சார்” என்றார். நாய் அழகாக எழுந்து நடந்து தெருவுக்குப் போய்விட்டது. அது செய்ததில் என்ன பிழை? சொன்னதைத்தான் கேட்டது. நான் வைத்திருக்கும் சொல் “ஜூட்”. சின்ன வயதில் விளையாடும்போது சொன்ன அதே ஜூட். பெரியவர்கள் பேச்சில் தவறிக்கூட வராது.

உங்கள் நாய் ஏன் கேட்பதில்லை என்பதற்கான என் பதிலும் இதுதான். நாய்க்குக் காது கேட்கிறது, நம் சொற்களில்தான் கலப்படம். நீங்கள் “வா” என்கிறீர்கள், கணவர் “கம்” என்கிறார், மாமியார் “வாடா கண்ணு”, குழந்தை “பப்பீ”. விருந்தாளிக்கும் “வாங்க வாங்க”, காய்காரருக்கும் “நாளைக்கு வா”. ஒரு நாளில் நூறு தடவை காதில் விழுந்து, தொண்ணூற்றெட்டு தடவை ஒன்றுமே நடக்காத சொல்லை நீங்கள் என்றால் மதிப்பீர்களா? ஒரு தாளில் ஐந்தாறு சொற்களை எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். வீட்டில் எல்லோரும் அதே சொல், அதே பொருள். மாமியாருக்கு எது வாயில் எளிதாக வருமோ அதையே எல்லோரும் எடுத்துக்கொள்வது நல்லது. பெரியவர்களின் வாய்ச்சொல்லை மாற்றுவதைவிட நாயை மாற்றுவது எளிது.

கூப்பிடுவதற்கு மட்டும் சொல்லே வேண்டாம் என்பேன். விசில் வாங்குங்கள். விளையாட்டுச் சாமான் கடையில் கிடைக்கும் சாதாரண விசில் போதும். யார் ஊதினாலும் ஒரே சத்தம். அதில் கோபமும் பதற்றமும் தெரியாது. பைக் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும்.

முதல் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே: விசில், உடனே கோழி. அவன் உங்களை நோக்கி வர வேண்டும் என்றுகூட இல்லை, பக்கத்தில் படுத்திருக்கும்போதே ஊதிக் கொடுங்கள். விசில் என்றால் வானத்திலிருந்து கோழி விழும் என்பது ரத்தத்தில் ஊற வேண்டும். பிறகு அடுத்த அறையிலிருந்து, பிறகு தோட்டத்தில். அப்புறம் காலை ஆறு மணிக்கு ஆள் இல்லாத மைதானம், பத்து மீட்டர் பருத்திக் கயிறு. நைலான் வேண்டாம், உருவினால் உள்ளங்கை வெந்துவிடும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது. நீளக் கயிற்றை மார்பில் மாட்டும் ஹார்னஸில் கட்டுங்கள், கழுத்துப் பெல்ட்டில் வேண்டாம். இவன் முழு வேகத்தில் ஓடிக் கயிறு தீரும் இடத்தில் கழுத்து என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

விசிலுக்கு ஒரே ஒரு விரதம் உண்டு. அதை ஊதிக் கூப்பிட்டுவிட்டு அவனுக்குப் பிடிக்காத எதையும் செய்யக்கூடாது. குளிப்பாட்ட, மருந்து கொடுக்க, கட்டிப்போட என்றால் நீங்களே நடந்து போய்க் கூட்டி வாருங்கள். ஓடிப்போய் அரை மணி கழித்துத் திரும்பியவனை அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓடியதற்காக அடித்ததாக அவர்கள் நினைப்பு. திரும்பி வந்ததற்காக அடி விழுந்ததாக நாயின் நினைப்பு. அடுத்த முறை கையெட்டும் தூரத்தில் நின்று நழுவிக்கொண்டே இருப்பான்.

இதையெல்லாம் மீறி ஒருநாள் தெருவில் அவிழ்ந்து நின்றால் துரத்தாதீர்கள். துரத்துவது அவனுக்கு விளையாட்டு, அதில் நீங்கள் ஜெயிக்கப்போவதும் இல்லை. பெயரைச் சொல்லிக்கொண்டே எதிர்ப்பக்கம் ஓடுங்கள். அல்லது குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரையில் எதையோ கிளறுங்கள். ஓடுவதைத் துரத்தும் பிறவி என்பதால் பெரும்பாலும் உங்கள் பின்னால் வருவான். காரில் போய்ப் பழகிய நாய் கார் கதவைத் திறந்தால் ஏறிக்கொள்ளும்.

நடைக்கு வருகிறேன். மாமியாரிடம் இனிக் கயிற்றைக் கொடுக்காதீர்கள், எவ்வளவு நன்றாகப் பழகினாலும். இருபது கிலோ நாய் நின்ற இடத்திலிருந்து பாய்ந்தால் இளவட்டமே தடுமாறும். அவர் கூட வரட்டும், கயிறு உங்கள் கையில் இருக்கட்டும். ஆறடிக் கயிறு போதும். பட்டனை அழுத்தினால் நீளும் ரீல் கயிறு இந்த இனத்துக்கு ஆகவே ஆகாது. இழுத்தால் நில்லுங்கள், கயிறு தளர்ந்தால் நடங்கள். முதல் வாரம் நாலு வீடு தாண்டவே இருபது நிமிடம் ஆகும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். பூனையோ தெருநாயோ தூரத்தில் தெரிந்தால் அவன் உறையும் கணத்தைக் கவனியுங்கள். காது முன்னே நிற்கும், உடல் கம்பியாகும், வாய் மூடிக்கொள்ளும். பாய்வதற்கு முன் அந்த இரண்டு நொடிதான் உங்களுக்குக் கிடைப்பது. அப்போதே திரும்பி நடந்து, கூட வந்ததும் கோழி கொடுங்கள். பாய்ந்த பிறகு எதைச் சொன்னாலும் வீண்.

திருச்சி வெயில் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தார் ரோட்டில் புறங்கையை ஏழு நொடி வைக்க முடியவில்லை என்றால் அவன் பாதமும் தாங்காது. மாலை ஐந்து மணிக்கு வெயில் இறங்கியிருக்கும், ரோடு இறங்கியிருக்காது.

வாய்க்கு வருவோம். இரண்டு சொற்கள் வேண்டும். தரையில் கிடப்பதை எடுக்காமல் இருக்க “விடு”. ஏற்கெனவே கவ்வியதைக் கீழே போட, நம் வீட்டில் பிள்ளைகளிடம் சொல்கிற “துப்பு”. விடு பழக்க, மூடிய கைக்குள் பிஸ்கட்டை வைத்து நீட்டுங்கள். நக்குவான், பிறாண்டுவான். சலித்து மூக்கை எடுக்கும் கணத்தில் மறு கையிலிருந்து அதைவிட நல்லதைக் கொடுங்கள். துப்பு என்பது பண்டமாற்று: செருப்பைப் போட்டால் கோழி. நாம் செய்யும் பிழை, வாயைப் பிளந்து பிடுங்குவது. பிடுங்கிப் பிடுங்கித்தான், எதைக் கவ்வினாலும் கட்டிலுக்கடியில் ஓடி உறுமும் நாயை உருவாக்குகிறோம். பத்து முறைக்கு எட்டு முறையாவது வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கொடுத்தால் திரும்பக் கிடைக்கும் என்று தெரிந்தால் கொடுப்பான்.

இந்தச் சொல் எதற்கெல்லாம் உதவும் என்றால், நம் வீட்டுச் சாப்பாட்டிலேயே ஆபத்து இருக்கிறது. வேகவைத்த கோழி எலும்பு ஊசியாக உடையும். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும், குழம்புச் சோறு போடும் வீடுகள் இதை நினைவில் வைக்க வேண்டும். பாயசத்தில் போடும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லெட் தெரிந்ததுதான். சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்புப் பொருள் மிக மோசம். சிலவகை எலி மருந்தைத் தின்ற நாய் இரண்டு மூன்று நாள் துள்ளிக்கொண்டுதான் இருக்கும், உள்ளே ரத்தம் கசிவது பிறகே தெரியும். ஆகவே தின்றதாகச் சந்தேகம் வந்தாலே மருந்து அட்டையோடு டாக்டரிடம் ஓடுங்கள்.

பாம்பும் உண்டு. மழைக்காலத்தில் தோட்டத்தில் எதையோ பார்த்து வட்டம் போட்டுக் குரைத்தால், கிட்டே போய் என்னவென்று பார்க்காமல் தூரத்திலிருந்தே விசில் ஊதுங்கள். நாய்க்குக் கடி பெரும்பாலும் முகத்திலும் முன்னங்காலிலும் விழுகிறது. கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது, பச்சிலை எதுவும் வேண்டாம். நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலுக்கும் சேர்த்து மனிதர்களுக்குப் போடும் விஷமுறிவு மருந்தைத்தான் நாய்க்கும் போடுகிறார்கள். எல்லா கால்நடை மருத்துவமனையிலும் இருப்பு இருக்காது. உங்கள் ஊரில் எங்கே உண்டு என்று இப்போதே கேட்டு எண்ணைக் குறித்து வையுங்கள்.

இப்போது குழந்தை. உங்கள் கேள்வியில் இதற்கு ஒரு வரிதான் இருந்தது. எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் கவலை.

மூன்று வயதுக் குழந்தையும் நாயும் ஒரே அறையில் பெரியவர் இல்லாமல் இருக்கக்கூடாது. “எங்க நாய் ஒண்ணும் பண்ணாது” என்பதில் பெரும்பாலும் உண்மைதான். குழந்தைகளைக் கடிக்கும் நாய்களில் இப்படிப்பட்ட, ஒன்றும் பண்ணாத, தெரிந்த வீட்டு நாய்களும் உண்டு என்பதும் உண்மை. குழந்தையின் முகம் நாயின் முக உயரத்தில் இருக்கிறது. அது கட்டிப்பிடிக்கும், காதை இழுக்கும், தூங்கும்போது மேலே விழும். நாய் முதலில் மெதுவாகத்தான் சொல்லும். முகத்தைத் திருப்பும், பசிக்காமலே உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், கண்ணின் வெள்ளை பிறை மாதிரி தெரியும், அசையாமல் விறைத்து நிற்கும். வால் ஆடுகிறதே என்று ஏமாற வேண்டாம். விறைப்பாக உயர்த்தி ஆட்டும் வால் சந்தோஷம் இல்லை. இதையெல்லாம் யாரும் கவனிக்காதபோதுதான் உறுமும்.

அந்த உறுமலுக்கு அடிக்காதீர்கள். அடித்தால் உறுமுவதை நிறுத்திவிடுவான். உள்ளே இருந்த எரிச்சல் அப்படியே இருக்கும், எச்சரிக்கை மட்டும் போய்விடும். “சத்தமே போடாம திடீர்னு கடிச்சிடுச்சு” என்று சொல்லப்படும் பல நாய்கள் ஒரு காலத்தில் உறுமி அடி வாங்கியவை. உறுமினால் குழந்தையை அமைதியாக எடுத்துக்கொண்டு விலகுங்கள், ஏன் உறுமினான் என்று பிறகு யோசியுங்கள். தொட்ட இடம் வலித்திருக்கலாம், காதில் சீழ் இருக்கலாம்.

குழந்தைக்கும் பயிற்சி உண்டு, அதுவும் விளையாட்டாக. நாய் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் பக்கத்தில் போகக்கூடாது. கட்டிப்பிடிக்கக்கூடாது. நாய் ஓடி வந்தால் மரம் மாதிரி நிற்க வேண்டும், கையை ஒட்டி வைத்துத் தரையைப் பார்த்து. கத்திக்கொண்டு ஓடும் குழந்தை உங்கள் சிப்பிப்பாறையின் கண்ணில் எதுவாகத் தெரியும் என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை. தொட்டுக் கொஞ்ச ஆசைப்பட்டால் நாய் தானாகக் கிட்டே வர வேண்டும், மூன்று தடவை மார்பில் தடவிவிட்டுக் கையை எடுக்க வேண்டும். அவனாகவே மறுபடி உரசினால் தொடரலாம், விலகினால் விட்டுவிட வேண்டும். நாய்க்கு வீட்டில் ஒரு மூலை கொடுங்கள், அங்கே அவன் படுத்துவிட்டால் பாட்டி உட்பட யாரும் போகக்கூடாது.

அடித்தால்தான் திருந்தும் என்று சொல்கிறவர்கள் கேட்டால், நாம் தலைவன் என்று காட்ட வேண்டும், ஓநாய்க்கூட்டத்தில் அப்படித்தான் என்பார்கள். அந்தக் கருத்து 1947இல் ருடால்ஃப் ஷென்கல் எழுதிய ஆய்விலிருந்து கிளம்பியது. அவர் பார்த்தது அடைப்புக்குள் அடைத்து வைத்த ஓநாய்களை. 1970இல் அதைப் பரவலாக்கிய டேவிட் மெக் என்ற ஆய்வாளரே, காட்டில் பல வருடம் பார்த்த பிறகு 1999இல் அதை மறுத்து எழுதினார். காட்டு ஓநாய்க்கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, குட்டிகள். சொந்தப் பிள்ளைகளோடு யாரும் தலைமைக்குச் சண்டை போடுவதில்லை. அடி வாங்கிய நாய் அடிப்பவரிடம் அடங்கும், அடிக்க முடியாதவரிடம் திரும்பும். உங்கள் வீட்டில் அடிக்க முடியாதவர் யார்? அந்த மூன்று வயதுக்காரி.

டாக்டரிடம் போவதும் பாதுகாப்புப் பயிற்சிதான். வலியில் இருக்கும் எந்த நாயும் கடிக்கும், சொந்தக்காரரையும் சேர்த்து. தினமும் ஒரு நிமிடம் பாதத்தைத் தொடுங்கள், காதைத் தூக்கிப் பாருங்கள், உதட்டை விலக்கிப் பல்லைப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு. வாய்க்கூடும் பழக்கிவிடுங்கள். துணியில் இறுக்கிக் கட்டும் வகை வேண்டாம், அதில் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சுவாங்க முடியாது, நாய்க்கு உடம்பு தணிவதே அதில்தான். கூடை மாதிரி வருவது வாங்கி, அதற்குள் தின்பண்டம் போட்டு அவனே மூக்கை நுழைக்கும்படி ஒரு வாரம் விட்டுப் பிறகு வாரைப் பூட்டுங்கள்.

நாய்க்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாத வயதில் ஒன்று, பிறகு ஊக்க ஊசி, அப்புறம் ஆண்டுதோறும். இதில் தள்ளிப்போடல் கிடையாது. யார் மீதாவது பல் பட்டுவிட்டால், ஊசி போட்ட நாய்தானே என்று விடாமல், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மணியைப் பார்த்துக் கழுவுங்கள், பதினைந்து என்பது நினைப்பதைவிட நீளம். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்காமல் அன்றைக்கே மருத்துவமனை. அரசு மருத்துவமனைகளில் தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் ஊசி. ரத்தம் வந்த காயம் என்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்து தேவையா என்று கட்டாயம் கேளுங்கள். நாயைப் பத்து நாள் கவனிப்பது கூடுதல் வேலை, ஊசிக்கு மாற்று இல்லை.

தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே வெடிச் சத்தத்தைப் போனில் மிக மெல்லிசாகப் போட்டுச் சோறு வையுங்கள். அவன் காதைத் தூக்காத அளவிலேயே தொடங்கி, சில நாளுக்கு ஒரு முறை கொஞ்சம் கூட்டுங்கள். அன்றைக்கு விடியும் முன் ஒரு நடை, பிறகு உள்ளறை, ஜன்னல் மூடி ஃபேன் ஓடட்டும். பயந்து ஒட்டிக்கொண்டால் தாராளமாக அணைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சினால் பயம் கூடும் என்பது கட்டுக்கதை, பயம் ஒன்றும் அவன் வேண்டுமென்று செய்யும் குறும்பு இல்லை. மிகவும் நடுங்குகிறவனுக்கு டாக்டர் மாத்திரை தருவார், நம் வீட்டு டப்பாவிலிருந்து எதையும் கொடுக்காதீர்கள். பண்டிகை நாளில் தொலையும் நாய்களைத் தேடி அலைந்த அனுபவத்தில் சொல்கிறேன், பெல்ட்டில் போன் எண் பொறித்த தகடு இருக்கட்டும். முடிந்தால் தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப்பும். அரிசி மணி அளவு, பதினைந்து இலக்க எண், ஊசி போடும் நேரம்தான் ஆகும்.

கேட் பயிற்சியில் இரண்டாவது வாரம் பால்காரரிடமும் கூரியர் பையனிடமும் சொல்லி வையுங்கள். மணி அடித்துவிட்டு நீங்கள் வரும்வரை அவர்களாகக் கொண்டியைத் தொடக்கூடாது. பால்காரரை மட்டும் நாலு நாள் கூடுதலாக இரண்டு நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். தினமும் ஒரே நேரத்துக்கு வரும் ஆள் என்பதால் பழக்குவதற்கு அவரைப் போல வசதியானவர் யாரும் இல்லை. அவருக்கும் ஒரு காப்பி கொடுத்துவிடுங்கள்.